ஏழங்குல ட்ரம்

பிறேக் பிடிக்காமல் போய் மோதிய வாகனங்களின் கதை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். என்னுடையது, பிடித்த பிறேக் விடமாட்டேன் என்று நின்றுகொண்ட கதை. ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்து சனமெல்லாம் கல்லடிப் பாலத்தில் ஏறுகிற நேரம். றொனால்ட் அண்ணையின் மொறிஸ் மைனர் பாலத்தின் நட்டநடுவில் வந்து, கோவித்துக்கொண்ட எருமை மாதிரி நின்றுவிட்டது. எஞ்சின் உறுமியது. சில்லு அசையவில்லை. பின்னால் காத்தான்குடிப் பஸ், அதற்குப் பின்னால் ஐந்தாறு ஓட்டோ, ஐஸ்பெட்டி கட்டிய மீன்காரனின் மோட்டார்சைக்கிள். எல்லோரும் ஒரே சுருதியில் ஹோர்ன் அடித்தார்கள்.

றொனால்ட் அண்ணை இறங்கிப்போய் முன் சில்லின் நடுவில் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"தொட்டுப் பாருங்க கிளாக்கர். அப்பம் சுடலாம்."

நான் தொடவில்லை. எனக்கு அதற்குள் ஒரு சந்தேகம் தொடங்கியிருந்தது.

"நேத்து பிறேக் ஒயில் விட்ட நீங்கதானே?"

"ஓம்."

"எந்த டின்னில?"

"கொட்டிலுக்குள்ள கிடந்த டின். பிறேக் ஒயில் எண்டு எழுதியிருந்தது."

"எழுதியிருந்த" என்றார் அவர். அவ்வளவுதான். பிறகு பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு தார்ரோட்டில் மல்லாந்து படுத்து, காருக்குக் கீழே போய், ஒரு நட்டைத் தளர்த்தினார். கறுப்பாக ஏதோ பீறிட்டது. சில்லு விட்டது. அந்தச் சேட் அதற்குப் பிறகு சேட்டாக இருக்கவில்லை.

நடந்தது இதுதான். றொனால்ட் அண்ணை வீட்டு வட்டைக்காணியில் வாரத்துக்கு நெல் செய்கிற சாமித்தம்பி, தன் லேண்ட்மாஸ்டர் உழவு மெசினுக்கு வாங்கிய எஞ்சின் ஒயிலில் மிச்சத்தை அந்தப் பழைய பிறேக் ஒயில் டின்னில் ஊற்றி வைத்திருந்தான். மணந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். "விரல்ல வெச்சி உரசிப் பாத்துட்டு விடுங்க" என்று றொனால்ட் அண்ணை சொல்லியும் இருந்தார். ஆனால் நான் முப்பத்திரண்டு வருஷம் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். கோப்பின் மட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உள்ளே இருக்கும் என்று நம்பியே ஓய்வூதியம் வரைக்கும் வந்து சேர்ந்தவன். மைனரில் காலடிக் கம்பளத்தைத் தூக்கி, தரையில் இருக்கிற ஓட்டையால்தான் பிறேக் ஒயில் விட வேண்டும். அந்த ஓட்டைக்குள் நான் அரைப்போத்தல் எஞ்சின் ஒயிலை ஒரு துளியும் சிந்தாமல், பெருமையோடு ஊற்றியிருந்தேன்.

அந்த ஞாயிறு கழிந்து வருகிற சனிக்கிழமை, றொனால்ட் அண்ணை அதே காரில் வாகரைக்குப் போவதாக இருந்தது. தங்கச்சி வீட்டுக்கு. ஒரேயடியாக.

அந்த ஒயிலை நான் வேண்டுமென்று விடவில்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதற்குப் பிறகு செய்தவற்றையெல்லாம் வேண்டுமென்றுதான் செய்தேன்.

*

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. எங்கள் யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கத்திலும் சீதன வீடு உண்டுதான். ஆனால் இங்கே ஆண்பிள்ளை வந்து சேர்கிற விதத்தைப் பார்த்தால், கடைசிவரைக்கும் விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போவார் போலத் தோன்றும். றொனால்ட் அண்ணை நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்தி ஞானமலர் அக்காவைக் கட்டி இந்த வளவுக்கு வந்தபோது கொண்டுவந்தது ஒரு ட்ரங்குப் பெட்டியும் இந்த மைனரும். பெட்டியைத் துரு தின்றுவிட்டது. போன தவக்காலத்தில் அக்காவும் போய்விட்டார். மகள் ஜெனிற்றா நீர்கொழும்பில் இருந்தாள். அவளுடைய புருஷன் அன்ரோவுக்கு வங்கியின் மட்டக்களப்புக் கிளைக்கு மாற்றம் கிடைத்து, மார்கழியில் பிள்ளைகளோடு இந்த வீட்டுக்கு வருவதாக இருந்தார்கள். வீடு அவளுடையது. ஆகவே தகப்பன் வீட்டை விட்டு எழும்ப வேண்டும். மகள் வந்து முகத்துக்கு நேரே சொல்வதற்கு முன் மனுஷன் தானாகவே போகிறார்.

இந்த முடிவுக்கு நான் தனியாகவே வந்தேன். ஒருவரையும் கேட்கவில்லை. கோப்பை நானே திறந்து, குறிப்பு எழுதி, நானே மூடிவிட்டேன்.

நான் இருந்தது அதே வளவின் பின்பக்கத்தில், வாவியைப் பார்த்தபடி இருக்கிற சின்ன வீட்டில். ஒரு அறை, ஒரு குசினி, ஒரு ஜன்னல். மாற்றலாகி வந்தபோது விடுதி கிடைக்கும்வரை மூன்று மாதத்துக்கென்று எடுத்தேன். பதினொரு வருஷம் ஆயிற்று. கல்யாணம் என்ற கோப்பு என் விஷயத்தில் பரிசீலனையில் இருந்தபடியே காலாவதியாகிவிட்டதால், எனக்கு எழும்பவேண்டிய அவசரம் ஒன்றும் வரவில்லை. காலையில் ஞானமலர் அக்கா பிட்டு அவித்தால் ஒரு குழல் எனக்கும் வரும். அவர் போனபிறகு நானும் றொனால்ட் அண்ணையும் மாறிமாறிச் சமைத்தோம். அதைச் சாப்பாடு என்று சொல்வது அக்காவுக்குச் செய்கிற துரோகம்.

திங்கட்கிழமை காலை, காரைத் தென்னங்குற்றிகளில் ஏற்றி நாலு சில்லையும் கழற்றினோம். அவர் கழற்றினார், நான் பிடித்தேன். வாழைச்சேனைக் காகித ஆலையில் இயந்திரம் பூட்டுகிற பிற்றராக இருந்த கை அது. எழுபது வயதிலும் நடுங்காது. சிலிண்டருக்குள் இருந்து றப்பர் கப்புகளை எடுத்துப் பேப்பரில் வரிசையாக வைத்தார். ஊறின கொண்டைக்கடலை போல ஒவ்வொன்றும் உப்பிக் கிடந்தது.

"இதென்ன அண்ணை, இப்பிடிப் பெருத்திட்டுது?"

"எஞ்சின் ஒயில் குடிச்சா றப்பர் பெருக்கும் கிளாக்கர். பெருத்தா மறுகா சுருங்காது. உள்ளுக்க இறுகிப்போய், போன ஒயிலத் திரும்பி வர விடாது. அதான் பிறேக் புடிச்ச புடியில நிண்ட."

"எத்தினை மாத்தவேணும்?"

"சில்லுச் சிலிண்டர் ஆறு. முன்னுக்கு ரெண்டு ரெண்டு, பின்னுக்கு ஒவ்வொண்டு. மாஸ்டர் சிலிண்டர்ட றப்பர். ஹோஸ் மூணு. ஷூவும் கருகிட்டு." ஒரு ஷூவை எடுத்து நகத்தால் சுரண்டினார். சுற்றுகிற ட்ரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற, பிறை மாதிரி வளைந்த இரும்பு, அதன் முதுகில் ஒட்டியிருக்கிற லைனர் கண்ணாடிபோலப் பளபளத்தது. "எரிஞ்ச லைனர் புடிக்காது. வழுக்கும்."

"அப்ப வாகரைப் பயணம்?"

"முதல்ல ஷூவப் பாப்பம்."

"அங்கபோய் நிரந்தரமாய் இருக்கிறதெண்டே முடிவு, அண்ணை?"

"இந்த ஸ்பிறிங்கப் புடிங்க. கை பத்திரம், தெறிக்கும்."

பஸ்ஸில் போகலாமே என்று யாரும் அவருக்குச் சொல்ல முடியாது. தங்கச்சியே போனில் சொல்லிப் பார்த்தாள். "வரக்குள்ள கார்ல வந்த. போகக்குள்ளயும் கார்லதான் போற" என்று அவர் சொன்னது என் ஜன்னல்வரைக்கும் கேட்டது. அதைக் கேட்ட கணத்தில்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. கார் ஓடாதவரைக்கும் மனுஷன் போகமாட்டார்.

*

ஷூக்களை ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு நான் காத்தான்குடிக்கு பஸ் ஏறினேன். ஆதம்பாவா ஹாஜியாரின் கடை உள்ஒழுங்கையில். லொறிக்கும் பஸ்ஸுக்கும் லைனர் அடிக்கிற இடம். வாசலில் நின்றாலே எரிந்த மணம் வரும். ஹாஜியார் ஒரு ஷூவைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"பாலத்துல நிண்டது இதுதானே?"

"உங்களுக்கும் தெரியுமோ?"

"பின்னுக்கு நிண்ட பஸ்ஸுல என்ட மருமகன். அரை மணித்தியாலமா உங்களுக்காகக் கையேந்தித் துஆ கேட்டிரிக்கான், என்ன துஆ எண்டு நான் சொல்லமாட்டன்." ஷூவைத் திருப்பித் தட்டிப் பார்த்தார். "இரும்பு நல்ல இரும்பு. இப்ப வாறதெல்லாம் தகரம். பழைய லைனரக் கழட்டிட்டு புதுசு வெட்டி றிவெற் அடிச்சித் தாறன். மெதுவான லைனராப் போடுவம். கடுமையானது போட்டா ஷூ தேயாது, ட்ரம்மத் தின்னும். சிலிண்டருக்குள்ள போற றப்பரும் இந்த அளவுல கிடக்கு. புதன்கிழம அஸறுத் தொழுகைக்குப் பொறகு வாங்க."

அன்று திங்கள். இடையில் ஒரே நாள்.

"அவ்வளவு கெதியாவோ?"

"கெதியாத் தந்தா ஏச வாற ஆள இண்டைக்குத்தான் காணுறன்."

"அப்பிடியில்லை ஹாஜியார். வாகரை ரோட்டு. மாடு குறுக்க வரும். பழைய இரும்பில புதுசை அடிச்சு, அது நடுவழியில கழண்டால்?"

"நாப்பது வருசமா அடிக்கன். கழண்டிச்சி எண்டு ஆரும் வந்து சொல்லல்ல." கொஞ்சம் யோசித்தார். "கழண்டவன் எப்பிடி வந்து சொல்ற எண்டும் இரிக்கி."

"அதுதான் சொல்லுறன். வயசான மனுசன். அவருக்கு ஒறிஜினல்தான் போட வேணும். ஷூ, றப்பர், ஹோஸ் எல்லாம். லண்டனிலயிருந்து எடுப்பிக்கப் போறன்."

யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு லண்டனில் ஒரு மருமகன் இல்லாவிட்டால் அவனுடைய அடையாள அட்டையையே சந்தேகிக்கலாம். எனக்கும் ஒருவன் இருந்தான், ஒன்றுவிட்ட சகோதரியின் மகன்.

"எத்தின நாள் செல்லும்?"

"ரெண்டு மாசம். ரெண்டரை."

ஹாஜியார் ஷூவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கிளாக்கர் ஐயா. உங்களுக்கு வேண்டியது ஷூவா, நாளா?"

இப்படிக் கேட்டால் என்ன செய்வது. சொன்னேன். மகள் வருகிறாள், மனுஷன் இந்த வயதில் பெட்டி கட்டுகிறார், கேட்டால் ஸ்பிறிங்கைப் பிடி என்கிறார், பாவமில்லையா என்று சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. பட்டறையில் வேலை செய்த இரண்டு பேரும் சுத்தியலை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"அவர் என்னத்துக்குப் போற?" என்றார் ஹாஜியார்.

"வீடு மகளுக்கெல்லோ."

"வீடு மகளுக்குத்தான். எங்களுக்குள்ளயும் அப்பிடித்தான். நான் மூத்தவளுக்குப் பெரிய வீட்டக் குடுத்துட்டு, நானும் பொண்டாட்டியும்..." நிறுத்தினார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்க இப்ப எங்க இரிக்கிற?"

"அதே வளவுதான். பின்னுக்கு, சின்ன வீட்டில."

"எத்தின வருசம்?"

"பதினொண்டு."

ஹாஜியார் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஒள்ளுப்பம் பிளேன்ரீ குடிப்பமா?" என்றார்.

நல்ல மனுஷன், என் துக்கத்தைப் பார்த்துக் கதையை மாற்றுகிறார் என்று நினைத்துக் குடித்தேன். இஞ்சி போட்டிருந்தார்கள்.

*

லண்டன் யோசனையை றொனால்ட் அண்ணை மறுப்பார் என்று நினைத்து, பஸ்ஸில் வரும்போதே எட்டுக் காரணங்களைத் தயார்செய்து வைத்திருந்தேன். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. "ஒறிஜினல் எண்டா நல்லம்தான்" என்றார். என் பேச்சுத் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் அளவுகோலை வைத்து ட்ரம்மின் உள்விட்டத்தை இரண்டு தரம் அளந்தார். "எழுதுங்க. அம்பத்தொன்பதாம் ஆண்டு மொடல். ட்ரம் ஏழங்குலம். கவனமா எழுதுங்க கிளாக்கர், அறுபத்திரண்டுக்குப் பிறகு வந்த மைனருக்கு முன் ட்ரம் எட்டங்குலம். அது இதுக்குள்ள போகாது." எழுதினேன். அன்றிரவு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறொரு தாளில் திருத்தமான எழுத்தில் எழுதி, படம் எடுத்து, மருமகனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். முதல் தாளில் ஏழு. இரண்டாம் தாளில் எட்டு.

புரட்டாதி போயிற்று. ஐப்பசி நடுவில் மழை இறங்கியது. இறங்கினால் நிறுத்தத் தெரியாத மழை. வாவி ஊதிப்போய்ப் படிக்கட்டின் நாலாவது படியில் வந்து உட்கார்ந்தது. மணலை மீன் விலைபோன காலம் மாறி, வலைக்காரர் கூனி இறாலைக் கூடையில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் றொனால்ட் அண்ணை அதைத் தேங்காய்ப்பூப் போட்டு வறுத்தார். நான் சோறு வடித்தேன். உப்புப் போட்டது யார் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. சாப்பிட்டுப் பார்த்தபோது இரண்டு பேரும் போட்டிருக்கிறோம் என்று தெரிந்தது.

"அவ இருந்தா கோப்பையோட வெளியில எறிஞ்சிருப்பா" என்றார்.

"எங்களையும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். மேசையில் ஞானமலர் அக்கா இருந்து சாப்பிட்ட பக்கத்துக் கதிரையை இரண்டு பேரும் இழுப்பதில்லை. அந்தப் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் கூட. ஆனாலும் இழுப்பதில்லை.

பின்னேரங்களில் மழை கொட்டும்போது அவர் போய் மைனருக்குள் உட்காருவார். சில்லில்லாத கார், குற்றிகளின் மேல். இரண்டு கையையும் ஸ்டியறிங்கில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் நானும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் மற்ற சீற்றில் ஏறிக்கொண்டேன். ஒரு மணித்தியாலம் இருவரும் எங்கேயும் போகாமல் பயணம் செய்தோம். இறங்கும்போது மட்டும், "உங்கட அறைக்குள்ள காலையில வெயில் வருமா கிளாக்கர்?" என்றார்.

"நல்லா வரும். கட்டில்வரைக்கும் வரும்."

"ம்" என்றார்.

அந்தக் கிழமைதான் ஜெனிற்றா எனக்குப் போன் எடுத்தாள். தகப்பனுக்கு எடுத்துவிட்டு எனக்கும் எடுப்பாள். மரியாதை தெரிந்த பிள்ளை.

"அங்கிள், உங்கட பக்கம் மழைக்கு ஒழுகுதா?"

"ஒரு சொட்டும் இல்லைப் பிள்ளை. அம்மா கட்டின வீடெல்லோ."

"பாத்றூம் படி உயரமா அங்கிள்? வயசான ஆக்களுக்கு ஏறி இறங்கச் சரிவருமா?"

"எனக்கு அறுபத்திமூண்டுதான், பிள்ளை."

"ஓம் அங்கிள்" என்றாள். "ஊரில உங்கட அண்ணன்ட வீடு இப்பவும் இரிக்குத்தானே?"

இருக்கிறது, அண்ணன் இல்லை, அண்ணி ஒரு பூட்டும் நாயும் போட்டிருக்கிறா, நாய்க்கு என்னைத் தெரியாது என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. லைன் சரியில்லை என்று நினைத்தேன்.

*

கார்த்திகைக் கடைசியில் பார்சல் வந்தது. நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, நல்ல பிள்ளை மாதிரி இரு கையாலும் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். றொனால்ட் அண்ணை சவக்காரத்தால் கைகழுவிவிட்டு வந்து பெட்டியைத் திறந்தார். புத்தம்புது ஷூ, பச்சைப் பெயின்ற் அடித்தது. ஒன்றை எடுத்து ட்ரம்முக்குள் வைத்தார். அது போகவில்லை. திருப்பி வைத்தார். போகவில்லை.

"எட்டு" என்றார்.

"ஐயோ" என்றேன். எனக்கே அது பொருத்தமில்லாமல் கேட்டது.

அவர் ஷூவைத் திரும்பப் பேப்பரில் சுற்றினார். மூலைகளை மடித்து, பெட்டி வந்தபடியே மூடினார். பிறகு பழைய ஷூக்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு, என்னையும் கூப்பிடாமல், மழைக்குள் காத்தான்குடிக்குப் பஸ் ஏறினார். இரண்டாம் நாள் பின்னேரம் புது லைனர் அடித்த ஷூவும் ஒரு பை றப்பரும் மூன்று ஹோஸும் கொண்டுவந்தார். அவ்வளவுதான். மூன்று மாதமாக நான் கட்டிய அணை இரண்டு பஸ் ரிக்கெற்றில் உடைந்தது.

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. குழாய்களுக்குள் ஸ்பிரிட் விட்டு எஞ்சின் ஒயில் வாசமே இல்லாமல் கழுவினார். எல்லாம் பூட்டியான பிறகு காற்று எடுக்கவேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை: ஒருவர் உள்ளே பிறேக்கை மிதிக்க, ஒருவர் கீழே படுத்து நட்டைத் திறந்து, ஒயிலோடு வருகிற காற்றுக்குமிழை ஒரு ஜாம் போத்தலுக்குள் விட. நான் மிதித்தேன். தூரத்துச் சில்லில் இருந்து தொடங்கினோம். அவருடைய குரல் தரையில் இருந்த ஓட்டையால் வந்தது.

"அமத்துங்க."

அமத்தினேன். முகம் தெரியாமல் இருப்பது கேட்பதற்கு வசதியாக இருந்தது.

"அண்ணை, ஏன் போறியள்?"

"புடிச்சிருங்க. விடாதீங்க."

"ஜெனிற்றா ஏதும் சொன்னவளோ?"

"விடுங்க."

விட்டேன்.

"மருமகனோட ஏதும் மனத்தாங்கலோ?"

"அமத்துங்க. குமிழி வருது."

"வாகரையில ஆரோட கதைக்கப்போறியள்? தங்கச்சிக்குக் காது மந்தமெல்லோ."

"புடிச்சிருங்க."

ஒரு சில்லு முடிந்து மற்றச் சில்லுக்கு நகர்ந்தார். சாக்கு இழுபடுகிற சத்தம். முழங்கால் நோவில் மெதுவாக முனகினார். நான் காலை எடுக்காமல் இருந்தேன்.

"கிளாக்கர்."

"என்ன அண்ணை?"

"உங்கட எழுத்து அச்சு மாதிரி. பதினொரு வருசமாக் காணுறன். ஏழ எட்டா எழுத உங்களால ஏலா."

பிறேக்கில் இருந்த கால் தன்பாட்டில் தளர்ந்தது.

"விடச் சொல்லல்ல நான்" என்றது தரை.

திரும்ப அமத்தினேன். நாலு சில்லும் முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. கடைசியில் பிறேக் காலுக்குக் கீழே கல்லுப்போல நின்றது. மிதித்தால் பிடித்தது, எடுத்தால் விட்டது. அவர் எழும்பிவந்து கையைத் துடைத்துக்கொண்டு, "சனிக்கிழம விடிய வெளிக்கிட்டா பத்து மணிக்குள்ள போயிரலாம்" என்றார். என் தோளில் கையை வைத்தார். எடுத்தபோது சேட்டில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

*

வெள்ளிக்கிழமை காலை ஜெனிற்றா வந்தாள். தனியாக, வீட்டைக் கழுவிவைக்க. அன்ரோவும் பிள்ளைகளும் அடுத்த கிழமை. வந்ததும் சாறத்தை மடித்துக் கட்டிய தகப்பனைக் கட்டிப்பிடித்தாள், பிறகு பூட்டிய ட்ரங்குப் பெட்டி மாதிரிக் கிடந்த அவருடைய புதுச் சூட்கேசைப் பார்த்தாள், பிறகு விளக்குமாற்றைத் தேடிப்போனாள். இரண்டு பேரும் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். இந்த வளவில் எல்லோரும் மழையைப் பற்றியும் ஷூவைப் பற்றியும்தான் கதைக்கிறோம் என்று தோன்றியது.

பத்து மணிபோல றொனால்ட் அண்ணை பெற்றோல் அடிக்க மைனரை எடுத்துக்கொண்டு போனார். வாசல் படலையடியில் ஒருமுறை பிறேக் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ரோட்டில் ஏறினார். சத்தம் பாலத்துப் பக்கம் தேய்ந்தபிறகு நான் பெரிய வீட்டுக் குசினி வாசலில் போய் நின்றேன். அவள் தாயின் அலுமினியச் சட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, நான் ஒண்டு கேப்பன். சுத்தி வளைக்காமல் பதில் சொல்லவேணும்."

"கேளுங்க அங்கிள்."

"அப்பாவை நீர் போகச் சொன்னனீரோ?"

"இல்ல."

"அன்ரோ?"

"அவரா? அப்பாக்கு முழங்கால் ஏலாதெண்டு உயரமான கட்டில் ஒண்டு செய்விச்சி வெச்சிரிக்கார் அவர். அடுத்த கிழம லொறியில வருது."

"கட்டிலோ? எங்க போடுறதுக்கு?"

அவள் கழுவின சட்டியையே திரும்பக் கழுவினாள்.

"அப்பா சொல்ல வேணாமெண்டவர்" என்றாள்.

"அப்பா இப்ப இஞ்ச இல்லை."

தண்ணீரை நிறுத்தினாள். முதுகைக் காட்டியபடியே பேசினாள். குரல் தாயின் குரல். ஞானமலர் அக்காவும் முக்கியமானதைச் சொல்வதானால் முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்வார்.

"அங்கிள், அம்மா அந்தச் சின்ன வீட்ட என்னத்துக்குக் கட்டின எண்டு தெரியுமா?"

"வாடகைக்கு."

"இல்ல. இஞ்ச மகள் குடும்பமா வந்து பெரிய வீட்டில இருந்தா, தாய் தகப்பன் வளவுக்குள்ளேயே சின்ன வீட்டுக்கு மாறுவாங்க. ஒரே வாசல் முத்தம், வேற வேற அடுப்பு. மருமகன்ட கூரைக்குள்ள மாமனார் இரிக்கிறல்ல. அம்மா தனக்கும் அப்பாக்கும் எண்டுதான் அதக் கட்டின. வாவிக் காத்து வரட்டுமெண்டு ஜன்னலையும் அந்தப் பக்கம் வெச்ச. நான் வாற வரைக்கும் சும்மாக் கிடக்குதே, ஒரு மூணு மாசம் அந்தக் கிளாக்கர் இரிக்கட்டும் எண்டுதான் உங்களுக்குத் தந்த."

கச்சேரியில் காணிப் பிரிவில் இருந்தவன் நான். ஒவ்வொரு துண்டுக் காணியிலும் யார் இருக்கிறார்கள், யார் இருக்க வேண்டியவர்கள் என்று மாவட்டம் முழுக்கத் தேடித்தேடி எழுதியவன்.

"பெரிய வீட்டிலேயே இரிங்க எண்டு நான் கெஞ்சிப் பாத்த அங்கிள். கேக்கல்ல. அன்ரோவும் கேட்டுப் பாத்தவர்."

"என்னை எழும்பச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"நானும் அதத்தான் சொன்ன." இப்போது திரும்பினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. "அம்மாட செத்த வீட்டில எட்டு நாளும் தன்னோட வாசல் முத்தத்தில படுத்த மனுசன், அவருக்குப் போக ஒரு இடமில்ல, அவர எழுப்பிட்டுத் தான் எப்பிடி அந்தக் கட்டில்ல படுக்கிற எண்டு கேட்டவர். தனக்குத் தங்கச்சி ஒருத்தி இரிக்கா, அவருக்கு ஆர் இரிக்கா எண்டார். அதோட அந்தக் கதையே எடுக்க விடல்ல."

முற்றத்துக்கு அப்பால் என் கொடியில் மூன்று சாறமும் ஒரு துவாயும் தொங்கின. ஜன்னல் திறந்திருந்தது. பத்து மணி வெயில் அதற்குள்ளே போய்க் கட்டில்வரைக்கும் கிடந்தது. எனக்கு எப்போதும் நாக்கின் நுனியில் ஒரு பகிடி தயாராக நிற்கும். அன்றைக்குத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

"எனக்கு இடமில்லை எண்டு ஆர் சொன்னது" என்றேன். "அண்ணியிட்டைச் சொன்னால் நாயைக் கட்டிப்போடுவா."

அவள் கவிழ்த்த சட்டியொன்றை நிமிர்த்தி வைத்தாள். நான் சொன்னதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

தூரத்தில் மைனர் பாலத்தால் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. அதை எந்தச் சத்தத்துக்குள்ளும் நான் பிரித்தறிவேன். படலையைத் திறக்க இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

"பிள்ளை, இதுக்கு மட்டும் சொல்லும். நான் எழும்பினால் அண்ணை இஞ்ச நிப்பாரோ?"

ஜெனிற்றா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நிப்பார், அங்கிள்."